பதினொன்றின் மேல் ஒரு புகார்

செடி சேகரிக்கும் ஒருவர், பூச்சி தின்னும் குடுவைச் செடியொன்றின் தண்டை இரண்டாக வெட்டி, இரண்டு தொட்டிகளில் நட்டு, பதினொன்று, பன்னிரண்டு என்று சீட்டுக் குத்தினார். இரண்டுக்கும் ஒரே சிவப்பு உதடு, ஒரே வரி.

ஓர் ஈ பன்னிரண்டிடம் அழுதுகொண்டே வந்தது.

"ஐயா, பக்கத்துத் தொட்டிக்காரன் எங்க அண்ணனை முழுங்கிட்டான். நீங்களும் அவனை மாதிரியே இருக்கீங்களே?"

"அவன் வேற, நான் வேறம்மா. சீட்டைப் பாரு."

ஈ பார்த்தது. பன்னிரண்டுதான்.

"வாசல்ல நின்னா புகார் சொல்றது? உள்ளே வந்து விவரமாச் சொல்லு."

ஈ உதட்டில் கால் வைத்தது, வழுக்கியது. உள்ளே தண்ணீர் கொஞ்சம் கலங்கி அடங்கியது.

"யாருடா தம்பி?" என்று கேட்டது பதினொன்று.

"உன் மேல ஒரு புகார், அண்ணே. முடிச்சாச்சு."