மேசை எந்தப் பக்கம்?

காராமணியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள் நகானி. முதுகில் துணியால் கட்டியிருந்த கைக்குழந்தை தூங்கியது. அவள் காது மட்டும் கூட்ட அறைப் பக்கம் இருந்தது.

“மேசை எங்க பக்கம்தான்!”

“அதெல்லாம் முடியாது. எங்க பக்கம்தான்!”

மூன்று நாளாக இதே பாட்டு.

மாலிக்கும் கினிக்கும் நடுவே லாரிகள் இனி ஒரே ஒரு சுங்க முத்திரையோடு போகலாம் என்று இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் முதல் நாள் காலையிலேயே ஒத்துக்கொண்டார்கள். கை தட்டினார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த முத்திரையைக் குத்துகிற மேசையை எல்லைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் போடுவதா, அந்தப் பக்கம் போடுவதா? அதற்குத்தான் மூன்று நாள்!

பேச்சு நடக்கப்போகிறது என்று சொல்லி ஒன்பது நாள் முன்பே கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டார்கள். கினிப் பக்கம் வரிசையாக லாரிகள். அதில் ஒன்றில், ஆரஞ்சுச் சுமையோடு நகானியின் புருஷன் பூராமா.

காலையில் கயிற்றுக்கு அப்பாலிருந்து கத்தினான். “பாதி அழுகிப் போச்சு நகானி! மீதியும் போச்சுன்னா வண்டியை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு முதலாளி சொல்லிட்டாரு!”

அவள் என்ன செய்வாள்? மாமனார் இருமினாலே எழுந்து ஒதுங்கி நிற்கிறவள். விருந்துச் சமையலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள், வந்தாள்.

அறைக்கதவு படாரென்று திறந்தது. கினி தரப்புத் தலைவர் கோந்தே வெளியே வந்தார். ஆறடி ஆள். நீல அங்கி. முகமெல்லாம் கடுகடுப்பு.

பின்னாலேயே ஓடி வந்தார் துங்காரா. விருந்தாளிகளைக் கவனிக்கவென்று மாலித் தலைநகரிலிருந்து வந்த கோட்டு போட்ட அதிகாரி. “ஐயா, ஐயா! ஒரு வாய் சாப்பிட்டுட்டாவது போங்க. கோழி இருக்கு, மீன் இருக்கு...”

“உங்க சோறே வேண்டாம். காரை எடுக்கச் சொல்லு. கை மட்டும் கழுவிக்கிறேன், உங்க ஆளுங்களோட கை குலுக்கின பாவம் போகட்டும்!”

துங்காரா பல்லைக் கடித்துக்கொண்டு நகானிக்குக் கண் காட்டினார். அவள் கெண்டியை எடுத்துப் போய்த் தண்ணீர் ஊற்றினாள். இவர் காரில் ஏறிவிட்டால் ஆரஞ்சும் போச்சு, வண்டியும் போச்சு.

“ஐயா பேரு கோந்தேயா?” என்றாள் தரையைப் பார்த்தபடி.

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“அதான பார்த்தேன். காராமணி தின்னிக் கூட்டம். வயித்துல காத்து ஏறிக்கிட்டா உக்காந்து பேச முடியுமா? எழுந்து ஓடத்தான் வேணும்.”

தாழ்வாரத்தில் சமையல்காரிகள் முறத்தைக் கீழே வைத்தார்கள்.

“அடிப் பாவி!” துங்காரா தலையில் கை வைத்துக்கொண்டார். “வெளிநாட்டு விருந்தாளிடீ! என் வேலைக்கே உலை வெச்சுட்டியே! யாரு இவளை உள்ள விட்டது?”

கோந்தே கையை உயர்த்தி அவரை அடக்கினார். குனிந்து அவளைப் பார்த்தார். “நீ யாரு வீட்டுப் பொண்ணு?”

“ட்ரவோரே.”

துங்காராவுக்கு உயிர் வந்தது. ட்ரவோரே குலமும் கோந்தே குலமும் கேலி முறைக்காரர்கள். எல்லைக்கு எந்தப் பக்கம் கண்டாலும் ‘காராமணி தின்னி’ என்று திட்டிக்கொள்ளலாம், அடிமை என்று கூப்பிடலாம், தட்டிலிருந்து கறியைப் பிடுங்கலாம். கோபம் மட்டும் வரக் கூடாது. வந்தால் குலத்துக்கே அவமானம்.

“ஓஹோ, திருட்டு ட்ரவோரேயா!” கோந்தே இடுப்பில் கை வைத்தார். “எங்க தாத்தாவுக்கு மாடு மேய்ச்ச அடிமைங்க. எஜமானுக்கே வாய் காட்டுறியா?”

“எஜமானாம்! எங்க வீட்டுல நக்கின பானையை உங்க கூட்டம் இன்னும் கழுவிக்கூட வைக்கல.”

சமையல்காரிகள் சிரித்தார்கள். காரோட்டி சிரித்தான். கடைசியில் கோந்தேயே வயிறு குலுங்கச் சிரித்தார்.

“கொண்டா அந்தக் காராமணியை! கோழியை இந்தக் கோட்டுக்காரனுக்குப் போடு.”

“இன்னும் அடுப்புலயே ஏறலையே ஐயா.”

“அப்ப வேகுற வரைக்கும் உள்ள உக்காந்திருக்கேன். வேற வழி?”

உள்ளே போன வேகத்தில் அவர் குரல் கேட்டது. “முதல் ஆறு மாசம் மேசை உங்க பக்கமே இருக்கட்டும்யா! ட்ரவோரே அடிமைங்க தூசியாவது தட்டி வெப்பாங்க. அடுத்த ஆறு மாசம் எங்க பக்கம்!”

காராமணி வெந்து இறங்குவதற்குள் கையெழுத்தாகிவிட்டது. கயிற்றை அவிழ்த்தார்கள்.

“மூணு நாளா கரடியா கத்தினேன். காராமணிக்கு மசிஞ்சிருக்காரு மனுஷன்!” என்று புலம்பியபடி துங்காரா லாரிகளைப் பார்க்க ஓடினார். எல்லாரும் ஓடினார்கள்.

சாப்பிட்டு முடித்த கோந்தே கை நீட்டினார். நகானி தண்ணீர் ஊற்றினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அவள் கழுத்தில் தொங்கிய அட்டையை மெல்லத் தூக்கினார். காலையில் உள்ளே வந்த எல்லார் கழுத்திலும் போலீஸ்காரர் மாட்டிவிட்ட அட்டை. மூன்றாம் வகுப்போடு நின்றவள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

அவர் விரல் வைத்துப் படித்தார். “நகானி... கோந்தே.”

அவள் கெண்டியைக் கீழே வைத்தாள். கோந்தே வீட்டுப் பெண் கோந்தே வீட்டுப் பெரியவரைத் திட்டினால் அதற்குக் கேலி என்று பெயர் இல்லை.

“மன்னிச்சுக்கங்க அப்பா. புருஷன் லாரியோட அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாரு... வேற ஒண்ணும் தோணல.”

“முதல் தடவை தண்ணி ஊத்தினப்பவே படிச்சுட்டேன் மகளே.” அவர் குரலைத் தாழ்த்தினார். “வீராப்பா எழுந்து வந்துட்டேன். திரும்பி உள்ள போக ஒரு சாக்கு வேணுமே! அத்தனை பெரிய மனுஷங்கள்ல ஒருத்தனும் குடுக்கல.”

நகானி முதல் முறையாகத் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“அப்போ, யாரு வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கிட்ட...”

“நகானீ!” வெளியே ஹாரன் சத்தத்தோடு பூராமாவின் குரல்.