கவுதாரிக் கூண்டு

பரளச்சிக் கரிசலில் வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. காட்டுக் கவுதாரிகளைக் கூப்பிட்டு வரவழைப்பதற்காக வளர்ப்புக் கவுதாரியைக் கூண்டோடு நடுவில் வைத்துவிட்டு, தங்கபாண்டி சுற்றிலும் கண்ணி விரித்துக்கொண்டிருக்கிறார். சீமைக்கருவேல நிழலில் அவர் மகள் பாண்டீஸ்வரி பள்ளிக்கூடத்துப் படக்கதைப் புத்தகத்தை மடியில் விரித்திருக்கிறாள். கடைசிப் படத்தில் ஒரு சிறுமி கூண்டைத் திறக்க, கிளி மேகத்துக்கே போய்விடுகிறது. அப்பா முதுகு திரும்பியதும் அவள் குனிந்தோடிக் கொக்கியை நீக்குகிறாள். கவுதாரி வெளியே வந்து, அவள் கால்விரலருகே மண்ணைக் கொத்துகிறது. வானத்தை அது பார்க்கவே இல்லை. “போயிரு,” என்று கெஞ்சுகிறாள். “அது போகாது தாயி,” என்கிறார் பின்னால் வந்துவிட்ட தங்கபாண்டி. குரலில் கோபம்கூட இல்லை. “நம்ம கோழிக்கு அடை வச்சுப் பொரிச்சது. எங்குட்டுப் போகும்?” கவுதாரி தானாகவே கூண்டுக்குள் ஏறிக் கழுத்தை நிமிர்த்தி, கணீரென்று கூப்பிடுகிறது. புதருக்குள்ளிருந்து ஒன்று பதில் கொடுக்கிறது. அதை விரட்டக் கத்தப் போனவளின் வாயை, புகையிலை மணக்கும் அப்பாவின் கை மெல்லப் பொத்துகிறது. அடுத்த பதில் இன்னும் பக்கத்தில் கேட்கிறது.