தண்ணீர் மட்டும் வேண்டாம்

தண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது என்று தம்பி சொல்லிவிட்டான்.

எண்ணெய் பூசலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம், எத்தனை பாட்டு வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மகன் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது. காரணம் கேட்டால் பேச்சை மாற்றினான்.

அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். ஞானஸ்நானத்துக்கான வெள்ளைச் சட்டை ஊசிக்கடியில் பாதியில் நின்றது. குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்கப் போகிறவள் அவள்தான்.

"தண்ணியில்லாம ஞானஸ்நானமா? மாப்பிள்ளை இல்லாம கல்யாணம் பண்ணுவாங்களாடா?"

"பண்ணினா வீட்ல சண்டை இருக்காது," என்றான்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். கோயில் பக்கம் தலைவைத்துப் படுத்துப் பதினைந்து வருஷமாகிறது. மேலே போவதும் கீழே வருவதும் மோட்டார் வேலை, இதில் சாமிக்கு என்ன பங்கு என்பது அவனுடைய தத்துவம். அது போகட்டும். அவனுடைய மனைவி இரண்டு வாரமாக அழுகிறாள். குளிருமென்று பயந்தால் வெந்நீர் வைக்கச் சொல்கிறேன் என்றுகூடக் கெஞ்சிப் பார்த்தாளாம். அவன் மசியவில்லை.

இவனா இப்படி என்று அக்காவுக்கு ஆறவில்லை. சின்ன வயதில் அம்மாவின் வெள்ளைச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, குடை வைக்கிற ஸ்டூலைப் பீடமாக்கிப் பூசை வைத்தவன் இவன்தான். பாட்டில் மூடியால் ரொட்டித்துண்டை வட்டமாக வெட்டி நற்கருணை கொடுப்பான். அவளே பாடகர் குழு, அவளே சபை, பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும் அத்தனை பாவியும் அவளே. அவள் சொன்ன பாவங்களுக்கெல்லாம் அவன் விதித்த அபராதம், அவனுக்கு முதுகு சொறிந்துவிடுவது. அந்த ஸ்டூல் எந்த வீடு மாறியபோது தொலைந்தது, அந்தப் பையன் எந்த வருஷம் தொலைந்தான், இரண்டுமே அவளுக்கு நினைவில்லை.

சனிக்கிழமை கோயிலில் ஞானஸ்நானத் தயாரிப்பு வகுப்பு. அக்கா அரைமணி முன்னதாகவே போய்ப் பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். பிள்ளைக்குக் கடவுள் கிடைப்பது இவனுக்குப் பொறுக்கவில்லை என்று முடித்தாள். படித்தவள், வார்த்தைக்குப் பஞ்சமில்லை.

தம்பி மனைவி குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். தம்பி கதவோரமே நின்றுகொண்டான். கையில் ஸ்பானர் பை.

சாமியார் வாதாடவில்லை. படிவத்தை எடுத்து வழக்கமான கேள்விகளை வரிசையாகக் கேட்டார். பிறந்த தேதி, பெற்றோர், ஞானத்தாய். அடுத்த கேள்விக்கு அவரே 'இல்லை' என்று எழுதப் போனார்.

"குழந்தைக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆகியிருக்கா?"

"ஆயிருக்கு ஃபாதர்," என்றான் தம்பி.

கதவோரம் நின்றபடியே நடந்ததைச் சொன்னான்.

குழந்தை ஆறு வாரம் முன்னதாகப் பிறந்தது எல்லோருக்கும் தெரியும். அவனுடைய மனைவி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்ததும் தெரியும். அந்த இரண்டாம் நாள் மதியம் டாக்டர் தம்பியைத் தனியே அழைத்து, இன்னும் பத்து நிமிஷம் தாங்கினால் பெரிது என்று சொன்னது மட்டும் யாருக்கும் தெரியாது. நர்ஸிடம் ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் கேட்டு வாங்கியிருக்கிறான். கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாகக் கைவிட்டு, உள்ளங்கை அளவு தலையில் மூன்று தடவை ஊற்றியிருக்கிறான்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி. எதுவும் விட்டுப்போகல," என்றான். "ஒரு உயிருக்கு ஒரு தடவைதானே ஃபாதர். ரெண்டாவது ஊத்தினா முதல்ல ஊத்தினது செல்லாதுன்னு ஆயிடுமே."

சாமியார் பேனாவைக் கீழே வைத்தார். "நம்பிக்கையில்லைங்கிறியே. என்ன நினைச்சு ஊத்தின?"

"திருச்சபை என்ன நினைச்சுச் செய்யுமோ, அதை நினைச்சு. பாடம் அப்படித்தானே? எனக்கு இல்லாட்டி என்ன, இவளுக்கு இருக்கே. புள்ள போயிட்டான்னா, கண்ணு முழிச்சதும் இதைத்தான் முதல்ல கேப்பா."

தம்பி மனைவி குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "புள்ள நல்லாத் தூங்குதுன்னுதானே அன்னைக்குச் சொன்னீங்க."

"அப்புறம் பொழைச்சுட்டான்ல. தண்ணி ஊத்தினதைச் சொன்னா, ஏன் ஊத்தினேன்னும் சொல்லணும். உனக்குத் தையல்கூடப் பிரிக்கல."

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். "நான் கீழதானேடா இருந்தேன்?"

"உன்னைத்தான் முதல்ல தேடினேன். கீழ ஜெபமாலை சொல்லிட்டிருக்கன்னாங்க. ஏழு மாடி. லிஃப்டுக்குக் காத்திருக்க நேரமில்லக்கா."

அந்த மதியம் அவளுடைய கைப்பையில் ஒரு புட்டி தீர்த்தம் இருந்தது. அது அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

உயிருக்கு ஆபத்தென்றால் யார் ஊற்றினாலும் செல்லும், ஞாயிற்றுக்கிழமை எண்ணெயும் விளக்கும் வெள்ளைச் சட்டையும் போதும், தண்ணீர் ஆகிவிட்டது என்றார் சாமியார். பிறகு எழுந்துபோய்க் கனமான பதிவேட்டை எடுத்துவந்து விரித்தார்.

ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற பத்தியில், மேலிருந்து கீழ்வரை, பெயருக்குப் பெயர் 'பங்குத்தந்தை', 'பங்குத்தந்தை' என்றே இருந்தது. அவற்றுக்கு அடியில் தம்பியின் பெயரை எழுதினார். சற்று யோசித்துப் பக்கத்தில் 'தந்தை' என்று மட்டும் எழுதினார்.