மூன்றாம் அடியில் ஒரு நிறுத்தம்

கொழும்பின் மார்கழிக்குப் பனி கிடையாது. கடலிலிருந்து எழும் உப்புக்காற்றே அதன் பனி. மழை முகில்கள் விடியலைத் தம் கையில் பிடித்துவைத்து, மெல்ல மெல்லத்தான் விடுகின்றன. கரையோரத் தண்டவாளம் நனைந்து கிடக்கிறது. வெள்ளவத்தைக் கோயிலின் மணியோசை ஈரத்தில் தோய்ந்து, தொலைவில் உள்ள யாரையோ அழைப்பதுபோல் நீள்கிறது. ஒருவரை நினைத்தபடி இருப்பவர்க்கு மிக நெடிய மாதம் அது.

"பதிகத்தைக் கொண்டுபோய்ச் சினிமாவில போடுறதா? அதுவும் அந்தப் படத்தில!"

பூசை முடிந்து முன்மண்டபத்தில் சுண்டல் வழங்கிக்கொண்டிருந்த வேளையில், கோயில் செயலாளர் குமரப்பனின் குரல் உயர்ந்தது. புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவர்; கோபத்தையும் மொத்தமாகவே இறக்குவார்.

"அங்கிள், முதல்ல படத்தைப் பாருங்கோ," என்றான் சொக்கு. படம் வந்த நாளிலிருந்து கொட்டாஞ்சேனைத் தியேட்டரே கதியென்று கிடப்பவன்.

"பார்க்க வேற வேணுமாக்கும்? படம் முழுக்கக் குடி, புகை, கட்டிப்பிடி. நடுவில பதிகம்!"

"அந்த சீன்ல கட்டிப்பிடி இல்ல அங்கிள். ஹீரோயின் வீட்டில சண்டை பிடிச்சுக்கொண்டு வெளிக்கிடுறா. திரும்பிப் பாத்தா சாமி அறையில விளக்கு எரியுது. அப்பதான் அந்தக் குரல் வரும். பிறகு ட்ரம்ஸ் ஒண்டு விழும் பாருங்கோ, சீட்டே அதிரும்!"

"அந்த ட்ரம்ஸாலதான் பாட்டே பாழ்," என்று குறுக்கிட்டாள் அவன் தோழி லக்ஷ்மிப்பிரியா. "படம் குப்பைதான் அங்கிள். ஒரு பொம்பிளைப் பிள்ளைக்குப் பின்னால திரியிறதைக் காதல் எண்டு காட்டுறாங்கள். ஆனா அந்தக் குரல்..."

"குப்பையோ? என்னோட வந்து ஒவ்வொரு ஷோவிலயும் அழுதது ஆரு?"

"குரலுக்கு அழுதனான். உன்ர ஹீரோவுக்கு இல்ல."

சுற்றி நின்றோர் சிரித்தனர். குமரப்பன் சிரிக்கவில்லை. தூணோரம் அமர்ந்திருந்த இராமலெட்சுமி அம்மையாரிடம் திரும்பினார். மார்கழி விடியல்தோறும் இக்கோயிலில் பதிகம் பாடுபவர் அவர். சில ஆண்டுகளுக்கு முன் ஹெந்தளையிலிருந்து வந்து, அருகில் ஒரு சிறு வீட்டில் தனியே வாழ்கிறார். பண்ணிசை பற்றிய வழக்கென்றால் இங்கே அவர் சொல்லே தீர்ப்பு.

"அம்மா, தியேட்டர்காரர் நம்ம கோயில் உபயகாரர். பதிகத்துக்கு இழுக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இன்னைக்கே படத்தைத் தூக்கிடுறேன்னு ஒத்துக்கிட்டாரு. சொல்லுங்க."

சொக்குவின் கையிலிருந்த சுண்டல் வாய்க்குப் போகாமல் நின்றது.

"நான் அந்தப் பாட்டை இன்னும் கேக்கேல்லையே," என்றார் அம்மையார். "ஒருக்காப் போடு பிள்ளை."

லக்ஷ்மிப்பிரியா கைப்பேசியை நீட்டினாள். வாத்தியம் ஏதுமின்றி ஒரு பெண்குரல் எழுந்தது. முதல் அடி, இரண்டாம் அடி. மூன்றாம் அடியின் நடுவே குரல் சட்டென நின்றது. இரண்டு மூச்சளவு மௌனம். பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"பாத்தீங்களா!" என்றார் குமரப்பன். "பாதியில நிறுத்துது. அம்மா இத்தனை வருசமாப் பாடுறாங்க, ஒருநாளாவது அங்க நிறுத்தியிருக்காங்களா? பதிகமே தெரியாதவ பாடினது."

"அந்த நிறுத்தம்தான் அங்கிள் உயிரே! மாத்திப் பாடச் சொல்லி மியூசிக் டிரெக்டர் கேட்டவராம். பாடினவ, எனக்கு அப்பிடித்தான் வரும் எண்டாவாம்," என்றாள் லக்ஷ்மிப்பிரியா.

"ஆர் பாடினது?" அம்மையாரின் குரல் தாழ்ந்திருந்தது.

"தெரியாது அன்ட்டி. பேர் போட வேண்டாம் எண்டு அவவே சொன்னவவாம்."

"இன்னொருக்காப் போடு."

இம்முறை கண்களை மூடிக்கொண்டு கேட்டார். "தொண்டை கட்டியிருக்கு," என்றார் மெதுவாக. "மழையில நனைஞ்சிருப்பா."

"கேட்டீங்களா, குரலும் சரியில்லைன்னு அம்மாவே சொல்லிட்டாங்க!" குமரப்பன் தம் கைப்பேசியை எடுத்தார். "தியேட்டர்காரர்கிட்ட இப்பவே பேசிடவா?"

"பேசுங்கோ. படம் ஓடட்டும் எண்டு சொல்லுங்கோ."

"அம்மா!"

"பாடுற ஒரு பிள்ளையைப் பாத்து வெளியால போ எண்டு இனி என்னால சொல்ல ஏலாது, ஐயா."

சொக்கு விசிலடிக்க விரலை மடித்தான். கோயில் என்பது நினைவுக்கு வரத் தலையைச் சொறிந்துகொண்டான். குமரப்பன் விடவில்லை. "அப்போ அந்த நிறுத்தம்? அது பிழை இல்லையா?"

"பிழைதான்," என்றார் அம்மையார், படியிறங்கியவாறே. "பதிகத்தில அது இல்லை."

மழை விட்ட அந்திப்பொழுதில், தம் வீட்டுச் சுவாமி படங்களின் முன் அவர் அமர்ந்தார். விளக்கில் எண்ணெய் வார்த்துத் திரியை நிமிர்த்தினார். அதே பதிகத்தைத் தொடங்கினார். முதல் அடி, இரண்டாம் அடி. மூன்றாம் அடியின் நடுவே பாட்டை நிறுத்தித் தீக்குச்சியை உரசினார். சுடர் திரியைப் பற்றி எழும்வரை பாட்டு காத்திருந்தது. பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஹெந்தளை வீட்டிலும் நாள்தோறும் அந்த இடத்தில்தான் விளக்கேறும். அவர் மடியிலிருந்தே பதிகம் கற்ற குழந்தை, அந்த மௌனத்தையும் பாட்டென்றே பாடம் செய்திருந்தாள்.

அம்மையார் சுடரைக் கும்பிட்டார்.

"கொத்தமல்லி அவிச்சுக் குடி, மகள். எங்க இருந்தாலும் நல்லா இரு."