வாசல் மறியல்

"நாற்காலியை எடுங்கப்பா, எனக்கு நேரமாச்சு."

"எடுக்க முடியாது. பேச்சுவார்த்தை முடியட்டும்."

வாசலை அடைத்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அப்பா. வயது எழுபத்திரண்டு. இரும்பு உருக்கும் ஆலையில் முப்பத்தைந்து வருஷம் உலைக்கு முன்னால் நின்றவர். கழுத்திலும் முன்கைகளிலும் தீப்பொறி தின்ற தழும்புகள். பாதிக் காலம் சங்கச் செயலாளர். அவர் கேட்டில் உட்கார்ந்தால் முதலாளியின் கார் வெளியே வராது. அவருடைய மகன் இப்போது ஒரு கம்பெனியில் எச்.ஆர். மேனேஜர். சங்கத்துக்காரர்களைப் பேசியே தூங்க வைப்பதில் பேர் வாங்கியவன்.

"ஒரு சாவிக்கா இவ்வளவு? போன மாசம் ரோட்டுல விழுந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"விழுந்தேன். எழுந்தேன். அதுக்காக நீயும் உன் பொண்டாட்டியும் வேலைக்குப் போறப்ப வெளியே பூட்டிட்டுப் போவீங்களா? நாங்க என்ன ஆடு மாடா?"

"பாதுகாப்புக்குத்தாம்பா."

"எங்க முதலாளியும் இதையேதான் சொன்னான். நைட் ஷிஃப்டுல கேட்டை வெளியே பூட்டினான். உலை வெடிச்ச அன்னிக்குத்தான் அது யாரோட பாதுகாப்புன்னு தெரிஞ்சுது."

"காலம் மாறிடுச்சுப்பா. எதுவும் முன்ன மாதிரி இல்ல."

"காலம் எங்கடா மாறிச்சு? சாவிதான் கை மாறியிருக்கு."

மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வீட்டுக்குள் திரும்பிக் கத்தினான். "அம்மா! நீயாவது வந்து சொல்லேன்!"

சமையலறையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. "உங்க சண்டையில என்னை இழுக்காதீங்க. எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு. சாப்பாட்டு டப்பா மேசை மேல இருக்கு, மறந்துடாதே."

சத்தம் மறுபடி தொடர்ந்தது.

"சரி, சாவி விஷயத்தை அடுத்த வாரம் உட்கார்ந்து பேசலாம்பா. உங்க மருமகளையும் வெச்சுக்கிட்டு…"

"கமிட்டி போடறியா? நான் பாக்காத கமிட்டியா? ரெண்டு ஜோடி கையுறைக்கு ஆறு வருஷம் கமிட்டி போட்டானுங்க. அதுக்குள்ள எத்தனை பேர் விரல் போச்சு தெரியுமா?" அப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துத் தன் பக்கமாகப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "கேட்டுக்கோ. மொத்தம் அஞ்சு கோரிக்கை. ஒண்ணு, வாசல் சாவி ஒண்ணு என் கையில இருக்கணும்."

"சரி, மேல சொல்லுங்க."

"ரெண்டு, வெளியே போனா எங்க, எதுக்கு, எப்ப வருவேன்னு போலீஸ் விசாரணை கூடாது. மூணு, வீட்டுக்கு யாராவது வந்தா, நான் அங்க இல்லாத மாதிரி என்னைப் பத்திப் பேசக் கூடாது."

மகன் தலை குனிந்தான். போன வாரம்தான் நண்பர்களிடம், 'அவருக்கு இப்பல்லாம் எதுவும் சரியாப் புரியறதில்ல' என்று சொல்லியிருந்தான். அப்பா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.

"நாலு, வலிக்குதுன்னு சொன்னா, நடிக்கிறேன்னு சொல்லக் கூடாது."

"உங்களை நடிக்கிறீங்கன்னு யாருப்பா சொன்னா?"

"சொல்லலேன்னா ஒத்துக்கறதுல உனக்கென்ன நஷ்டம்? அஞ்சு, ஞாயித்துக்கிழமை விடுமுறை."

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருக்கு? உங்களுக்கா? ரிட்டயர் ஆன நாள்லேருந்து உங்களுக்கு தினமும் ஞாயித்துக்கிழமைதானேப்பா!"

அப்பா சிரிக்கவில்லை. "நிர்வாகம் கிண்டல் பண்றதைப் பதிவு செய்யணும்னு நான் கேட்கலை. உண்டா, இல்லையா?"

போன் அடித்தது. மகன் பதறி எடுத்தான். "வந்துட்டே இருக்கேன் சார்… கேட்டுல ஒரு சின்னப் பிரச்னை சார்… இல்ல சார், நம்ம கேட்டு இல்ல…" வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தான். "உண்டு. அஞ்சும் உண்டு. போதுமா?"

"எப்பலேருந்து அமல்?"

"நாளையிலேருந்து."

"நாளைக்கு ஞாயிறு. ரொம்ப நல்லது. கையெழுத்துப் போடு."

"அப்பா, வாயால சொன்னாப் போதாதா?"

"வாயால சொன்னதை நம்பினவன் எவனும் கூலி உயர்வு வாங்கினதில்ல."

அப்பா தாளை மறுபடி மடித்து, வெறுமையாகத் தெரிந்த அடிப்பகுதியை மட்டும் நீட்டினார். மடிப்பெல்லாம் நைந்து, செல்லோ டேப் ஒட்டியிருந்தது.

"படிச்சுப் பாக்காமக் கையெழுத்துப் போடறது என் சர்வீஸ்ல இதான் முதல் தடவை" என்று முனகியபடி மகன் கிறுக்கினான். சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றினான். "ஜெயிச்சுட்டீங்க. இந்தாங்க. தொலைச்சுடாதீங்க."

அப்பா வாங்கிக்கொள்ளவில்லை. முழங்காலைப் பிடித்து எழுந்து நாற்காலியை ஓரமாகத் தள்ளினார். வழி திறந்தது.

"என்கிட்ட ஏன் நீட்டறே? சாவி, தாள் ரெண்டையும் கொண்டுபோய், கோரிக்கை வெச்சவங்ககிட்ட குடு."

அவர் முகவாய் சமையலறைப் பக்கம் அசைந்தது.

மகன் தாளைப் பிரித்தான். சமையலறை டப்பாக்களில் ஒட்டியிருக்கும் அதே உருண்டை எழுத்து. தேதி, அப்பா சங்கச் செயலாளரான வருஷத்தைக் காட்டியது. ஐந்து கோரிக்கைகளுக்கும் குறுக்கே சிவப்பு மையில், அப்பாவின் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: 'நிராகரிக்கப்படுகிறது. இப்படிக்கு, வீட்டு நிர்வாகம்.'