பதினொரு பேர்

வெளியூர் அணியின் வேனிலிருந்து ஏழு பேர்தான் இறங்கினார்கள்.

அவள் மறுபடியும் எண்ணினாள். ஏழுதான்.

இன்னொரு வேன் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதாம். மீதி நாலு பேர் அதில்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம், அது விதி. காத்திருப்பதென்றால் எதிரணி காப்டன் சம்மதிக்க வேண்டும்.

எதிரணி காப்டன் அவள்தான். கோல்கீப்பரும் அவள்தான்.

இப்படி ஒரு நாள் வாய்க்கும் என்று கனவில்கூட நினைத்ததில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், அவளுடைய பல்கலைக்கழகத்தில் பெண்கள் கால்பந்து அணி என்று ஒன்றை அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். அதை அணி என்று சொல்லவே பெரிய மனசு வேண்டும். ஹாக்கியில் இடம் கிடைக்காதவள், ஈட்டி எறிகிறவள், விடுதியில் சும்மா இருந்தவள் என்று ஆள் பிடித்து, இன்றைக்கு வந்திறங்கிய இவர்களின் ஊருக்குப் போனார்கள். அன்றைக்கும் ஏழு பேர்தான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மீதி நாலு பேர் வந்த பஸ் வழியில் பஞ்சர்.

கால் மணி நேரம் கேட்டாள். கெஞ்சித்தான் கேட்டாள்.

"ரூல்படி ஏழு பேரு போதும்லா சார், ஆரம்பிங்க" என்றாள் அவர்கள் காப்டன் பிரிஸ்கில்லா.

பதினொரு கோல்.

கோல்களை அவள் என்றோ மன்னித்துவிட்டாள். மன்னிக்க முடியாதது வேறு. பிரிஸ்கில்லாவும் கோல்கீப்பர். பந்து அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் பிரிஸ்கில்லா கோல்கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து, ரிப்பனை அவிழ்த்து, நிதானமாகத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

நாலு பேரும் வந்து சேர்ந்தபோது கம்பத்திலிருந்து வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவள் பின்னல் போடவில்லை. அள்ளி முடிந்து ஒரு ரப்பர் பேண்டு, அவ்வளவுதான். தலைவிரி கோலமாக அலைகிறாள் என்று அம்மா திட்டுவாள். காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருடம். மைதானத்தில் நெருஞ்சி பிடுங்கினார்கள். கோல்கம்பம் வந்து சேரும்வரை செங்கல் வைத்து ஆடினார்கள். ஈட்டிக்காரி பந்தைத் தலையால் முட்டக் கற்றுக்கொண்டாள்.

முன்னால் நின்று ஆடும் இசக்கி அவள் காதருகே வந்தாள்.

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? என்னக்கா யோசிக்க? ஏழு பேருதான் இருக்காளுவ. ஆரம்பிக்கச் சொல்லு, முடிச்சிருவோம்."

இசக்கி சொன்னது நியாயம்தான். ஜெயித்தால் தென்மண்டலப் போட்டி. தோற்றால் இன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பிரிஸ்கில்லா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்க வாய் வரவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"பதினொரு பேரும் வரட்டும் சார். காத்திருக்கோம்."

நடுவர் நெகிழ்ந்துபோனார். பிரிஸ்கில்லா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

நல்ல மனசாம். சொல்லிக்கொள்ளட்டும்.

வேன் வந்தது. நாலு பேரும் பதறிக்கொண்டு இறங்கினார்கள். அவளே போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஒருத்தியின் பூட்ஸ் நாடா அவிழ்ந்து கிடந்தது, கட்டச் சொன்னாள். ஒவ்வொருத்தியாக எண்ணினாள். பதினொன்று சரியாக வந்த பிறகுதான் தன் கோலுக்குள் போய் நின்றாள்.

அறுபத்தெட்டாவது நிமிடம்.

பந்து வெகுநேரமாக அந்தக் கோடியிலேயே கிடந்தது. ஈட்டிக்காரி குரல் கரகரக்கக் கத்திக்கொண்டிருந்தாள். இசக்கியைச் சுற்றி நாலு பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரிஸ்கில்லா மறுபடியும் வலைக்குள் குனிந்து பந்தை எடுத்தாள். நிமிர்ந்தாள். மைதானத்தைத் தாண்டி இந்தப் பக்கம் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்குத்தான் அவள் காத்திருந்தாள்.

கோல்கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். கையுறைகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். ரப்பர் பேண்டை உருவி, முடியை மூன்றாகப் பிரித்தாள்.

அவசரம் ஒன்றுமில்லை.