படம் எடுக்கும் வரைக்கும்

கார் இன்னும் வரவில்லை.

நர்ஸ் கையில் ஒரு கப் மருந்துப்பால் இருந்தது. டப்பாவைச் சுரண்டிக் கலக்கி மூடி வைத்தது. புது டப்பாக்கள் இனி அந்த நன்கொடைக்கார அம்மாளோடுதான் வரவேண்டும்.

பெரிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் தன் கையாலேயே ஒரு குழந்தைக்கு ஊட்டுவதைப் படம் எடுக்க வேண்டுமாம். படம் நன்றாக வந்தால்தான் அடுத்த வருஷமும் இந்த வார்டுக்குப் பணம் வருமாம். அதுவரை சுண்டுவுக்குப் பால் கிடையாது.

சுண்டு என்று பேர் வைத்ததே நர்ஸ்தான். எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தவன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் வயிற்றுக்குள் கொஞ்சமாவது போக வேண்டும். ஒரு வேளை தப்பினாலும் உடம்பு சில்லிட்டுவிடும்.

வேளை எப்போதோ தாண்டிவிட்டது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவனுக்கு அழக்கூடத் தெம்பில்லை. அவனைப் பெற்றவள் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவும் பயம், சும்மா இருக்கவும் பயம்.

படக்காரர் விளக்கை அங்கே நகர்த்தி இங்கே நகர்த்திக் கல்யாண வீடு மாதிரி அமர்க்களம் பண்ணிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் இருக்கிறது கூத்து என்று நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுண்டுவின் பாதத்தைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது.

துணி மாற்றிவிட்டு வருகிறேன் என்று கையிலிருந்த கப்போடு அவனைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். பெற்றவளும் பின்னாலேயே ஓடினாள்.

திரும்பி வந்தபோது கார் வாசலில் நின்றது. கப்பில் மூடி போட்டபடியே இருந்தது.

அந்த அம்மாள் கட்டிலருகே உட்கார்ந்து சுண்டுவை மடியில் வாங்கிக்கொண்டாள். டாக்டர் சற்றுத் தள்ளிச் சிரித்தபடி நின்றார். நர்ஸ் கப்பை நீட்டினாள்.

அந்த அம்மாள் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு நர்ஸைப் பார்த்தாள். சுண்டுவின் வாயோரத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் துளியைப் பார்த்தாள்.

"எப்பக் குடிச்சான்?" என்று காதோடு காதாகக் கேட்டாள்.

"இப்பத்தாம்மா." நர்ஸ் முணுமுணுத்தாள்.

தயார் என்று படக்காரர் கை காட்டினார்.

அந்த அம்மாள் கப்பை யாருக்கும் தெரியாதபடி தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். கரண்டியை உள்ளே விட்டு எடுத்தாள். படத்துக்கு வாகாகத் திரும்பி, அந்த வெறும் கரண்டியை ஊதி ஊதி ஆற்றினாள்.